எனக்காக என் மகள் சொன்ன பதில்

லிட்டில் இந்தியாவில் நான் வேலை பார்த்த புடவைக் கடையில் என் வாய்க்குத்தான் மதிப்பு. மலாய்க்காரப் பெண்கள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தால் மலாயில் பேசுவேன். வெள்ளைக்காரர்கள் சும்மா எட்டிப் பார்த்தால் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இழுத்து உட்கார வைப்பேன். வந்தவர் வெறுங்கையோடு படியிறங்கினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், நானும் அப்படித்தான் பிழைத்தேன். பேசியே ஆகவேண்டிய ஒரு நாளில் மட்டும் அந்த வாய் எங்கே போயிற்று என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கடையின் சரக்கெல்லாம் மேல்மாடியில் இருக்கும். குறுகிய மரப்படி. புடவைக் கட்டுகளை இடுப்பில் அணைத்து ஏற்றி இறக்குவது பெண்களின் வேலை, முதலாளியின் வேலை கீழே உட்கார்ந்து விசிறிக்கொள்வது. ஒருநாள் கீழ்த்தட்டில் இருந்த கட்டை உருவக் குந்தினேன். உள்ளே ஏதோ நழுவியது. பின்னறைக்குப் போய்த் தொட்டுப் பார்த்தபோது கோழிமுட்டை அளவில் ஒன்று வெளியே வந்து நின்றது. புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

என்னோடு வேலை பார்த்த அக்காவிடம் அழாக்குறையாகச் சொன்னேன். அவர் புடவை மடிப்பதை நிறுத்தவேயில்லை.

"கர்ப்பப்பை எறங்கிருக்கு, அவ்ளோதான். நம்ம கடையில யாருக்குத்தான் இல்ல? துணிய மடிச்சு இறுக்கிக் கட்டிக்கிட்டு வேலயப் பாருலா."

அவர் சொன்னபடியே துணியைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். காலையில் பரவாயில்லாமல் இருக்கும். மாலை ஆக ஆகக் கீழே யாரோ பிடித்து இழுப்பதுபோல் கனக்கும். சிறுநீர் முழுதாகப் போகாது. இருமினால் நனைந்துவிடும். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், வாடிக்கையாளர்கள் எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள். தைப்பூசத்துக்கு மலைக்கோயில் படியில் பால்குடம் எடுப்பவள், அந்த வருஷம் அடிவாரத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அதைக் கண்டுபிடித்தவர் என் கணவர்தான். அவர் பிறை என்ற ஊரில் லோரி ஓட்டியவர். அதிகம் பேசமாட்டார், வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. ஆனால் கண் கூர்மை. "படியேறும்போது ஏன் கம்பியப் புடிச்சுக்கிற?" என்று கேட்டார். முதலில் மழுப்பினேன். அப்புறம் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டார். மறுநாளே கோலாலம்பூரில் வேலை பார்த்த எங்கள் மகளுக்குப் போன் போட்டு, அம்மாவைப் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும், லீவு எடுத்துக்கொண்டு வா என்றார்.

இங்கே எங்கள் கல்யாண வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

கல்யாணமாகி நாங்கள் குடியேறியது பிறையில் ஒரு வாடகை வீடு. ஒரு கூடம், ஒரு அறை. அறையில் மாமியார், கூடத்தில் நாங்கள், பிறகு எங்களோடு ஒவ்வொன்றாக மூன்று பிள்ளைகள். அறைக்குக்கூடக் கதவு கிடையாது, திரைதான். அந்த வீட்டில் மூன்று பிள்ளை எப்படிப் பிறந்தது என்பது முருகனுக்குத்தான் வெளிச்சம். புருஷன் பெண்டாட்டி என்பதைத் திருட்டுத்தனம்போல நடத்திக்கொண்டிருந்தோம். மாமியார் போய், பிள்ளைகள் படித்து, வேலை என்று ஆளுக்கொரு பக்கம் போன பிறகு கெலுகோரில் சின்னதாக ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். அதில் படுக்கையறைக்குக் கதவு இருந்தது. தாழ்ப்பாளும் இருந்தது. முதல் வாரம் அவர் அதைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது, அவருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. கடை லீவு நாளில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போவோம். "கதவ சாத்து" என்பார். "யாரு இருக்கா வீட்டுல, சாத்துறதுக்கு?" என்று நான் கேட்பேன். "இருந்தாலும் சாத்து" என்பார். எழுந்து போய்ச் சாத்திவிட்டு வருவேன். எங்கள் கல்யாண வாழ்க்கை அப்போதுதான் தொடங்கியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், உண்மை அதுதான். கர்ப்பப்பை இறங்கிய பிறகும் அது நிற்கவில்லை. படுத்தால் அது தானாக உள்ளே போய்விடும். அவர் என்னைக் கண்ணாடிப் பாத்திரம்போலத் தொடுவார். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு சந்தோஷமா என்று கடையில் புடவை மடித்துக்கொண்டே தனியாகச் சிரித்திருக்கிறேன்.

மகள் வந்தாள். மூவரும் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெரிய டாக்டரைப் பார்க்கப் போனால் படித்த பிள்ளைதான் பேசும். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்ட வேண்டும். நான் நாள் முழுக்க மூன்று மொழியில் வியாபாரம் செய்கிறவள் என்பது வேறு விஷயம். அந்த அறைக்குள் போனால் எனக்கு மொழி தெரியாது, அவ்வளவுதான். கேட்டால் மரியாதை என்போம். மகள் டாக்டருக்கு நேரே உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில். என் கணவர் பின்னால் சுவரோரம், மடியில் என் கைப்பையை வைத்துக்கொண்டு.

டாக்டர் சீனர், இளவயதுக்காரர், நிதானமானவர். அவர்மேல் எனக்கு இன்றும் குறையில்லை. பரிசோதித்துவிட்டு, ஒரு தாளில் படம் வரைந்து பொறுமையாகச் சொன்னார். ரப்பர் வளையம் ஒன்றை உள்ளே வைத்துத் தாங்கிப் பிடிக்கலாம், அதை அவ்வப்போது எடுத்துக் கழுவ வேண்டும். இல்லையென்றால் ஆபரேஷன். என் உடம்பின் சொந்தத் தசையையே இழுத்துத் தைக்கலாம், ஆனால் பாரம் தூக்குகிறவர்களுக்கு அது சில வருஷத்தில் தளர்ந்து மறுபடி இறங்கக்கூடும். வயிற்று வழியாகப் போய் வலை வைத்துத் தூக்கிக் கட்டலாம், நன்றாக நிற்கும், ஆனால் நேரம் பிடிக்கும் ஆபரேஷன், எனக்கிருக்கும் ஆஸ்துமாவுக்கு அவ்வளவு நேரம் மயக்கம் கொடுக்க அவருக்கு யோசனையாக இருந்தது. கடைசியாக, கீழ் வழியாகவே வலை வைக்கலாம். சீக்கிரம் முடியும், பிடிமானமும் உண்டு. ஆனால் சிலருக்கு அந்த வலையின் ஓரம் பிற்பாடு சதையை அறுத்துக்கொண்டு வெளியே வரலாம்.

வலையின் மாதிரித் துண்டு ஒன்றை எங்களிடம் கொடுத்தார். துணி என்றதும் என் கை சும்மா இருக்குமா? வாங்கி, விரல் நடுவில் தேய்த்தேன். கொசுவலையைவிட நெருக்கம், நெட் புடவையைவிட முரடு. நீளவாக்கில் இழுத்தேன், குறுக்கே இழுத்தேன், கடையில் வாடிக்கையாளர் முன்னால் இழுத்துக் காட்டுவதுபோல. ஓர் இழைகூட விலகவில்லை. நல்ல சரக்கு என்று என் மனசு முடிவு செய்துவிட்டது. இத்தனை வருஷம் துணியை வெளியே கட்டுகிறவர்களுக்கு விற்றே பழகிவிட்டேன். உள்ளே வைத்துத் தைக்கும் துணிக்கு வேறு கணக்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அப்போதுதான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். கணவரோடு இன்னும் சேர்ந்து இருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில். அவர் வீட்டு விலாசத்தைக் கேட்கவில்லை என்பது எனக்கும் புரிந்தது. ஏன் கேட்கிறார் என்பதையும் அவரே சொன்னார். கீழ் வழியாக வலை வைத்தால் சில பெண்களுக்கு அந்த நேரத்தில் வலி வரலாம். அந்த வாழ்க்கை இன்னும் இருக்கிறது என்றால், மறுபடி இறங்கினாலும் பரவாயில்லை, சொந்தத் தசையில் தையல் போடுவதுதான் நல்லது என்றார். இல்லையென்றால் வலை வைக்கலாம்.

என் மகளின் காது சிவந்துவிட்டது.

"நோ, நோ, டாக்டர். ஃபிஃப்டி-ஃபோர் ஓல்ரெடி லா. நோ மோர்."

டாக்டர் என்னைப் பார்த்தார். என் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. என் பின்னால் கைப்பையின் ஜிப் திறந்து மூடும் சத்தம் கேட்டது. திறந்து, மூடி, திறந்து, மூடி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மகள் முன்னால் ஒரு தாய் அதை எப்படிச் சொல்வாள்? டிவியில் அப்படி ஒரு காட்சி வந்தால் எங்கள் வீட்டில் யாருக்காவது உடனே தண்ணீர் தாகம் எடுக்கும். நானே எழுந்து அடுப்படிக்குப் போயிருக்கிறேன். அப்படி வளர்த்த பெண்ணிடம் போய், இல்லையம்மா, எனக்கும் உங்கள் அப்பாவுக்கும் இன்னும் அது இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை என்றா சொல்வது? அவள்மேல் தப்பே இல்லை. அம்மாவின் மானத்தைக் காப்பாற்றினாள். நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தாள்.

அப்புறம் தனியாக வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். மகள் கவுண்டரில் தேதி வாங்கப் போனபோது, கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டாக்டரின் அறை வாசல்வரை திரும்பிப் போனேன். தாதி கதவைத் திறந்து, "அன்ட்டி, அப்பா லாகி?" என்று கேட்டாள். இன்னும் என்ன வேண்டும் என்கிறாள். உள்ளே வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். டாய்லெட் எங்கே என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அதுவும் எனக்கு நேர் எதிரிலேயே இருந்தது.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. வலைமேல் பழிபோட்டால் நாக்கு அழுகிவிடும், அது தன் வேலையைச் செய்தது. இழுப்பு போயிற்று. தும்மினால் தும்மினேன். மறுவருஷம் பால்குடம் எடுத்து உச்சிவரை ஏறினேன். கடையில் அந்த அக்காவிடம் நீங்களும் போய்ப் பாருங்கள் என்று பெருமையாகச் சொன்னேன்.

புண் ஆறும்வரை என் கணவர் கூடத்தில் படுத்தார். டாக்டர் அனுமதித்த பிறகும் வரவில்லை. நானாக ஒருநாள் மத்தியானம், "வெயில் அடிக்குது, உள்ள வந்து படுங்க" என்றேன். வந்தார். கதவைச் சாத்தச் சொல்லவில்லை, நான்தான் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே உப்புத்தாளால் உரசியதுபோல் ஒரு வலி. நான் சத்தம் போடவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவர் கண்தான் கூர்மையானது என்று சொன்னேனே. உடனே விலகிவிட்டார். "மன்னிச்சிரும்மா" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனவர் பிறகு திரும்பவேயில்லை. டிவி பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன் என்று சில நாள் சொன்னார். அப்புறம் அதையும் சொல்வதில்லை.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அந்த வலை அவருக்கும் தட்டுப்பட்டிருக்கும், அருவருத்துவிட்டார் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் வைத்துத் தைத்த பெண்டாட்டி யாருக்கு வேண்டும்? அப்படி நினைத்தேன், அவமானமாக இருந்தது, அவமானம் கோபமாயிற்று. சாம்பாரில் உப்பு என்று அவர் சொன்னால் சண்டை. டிவி சத்தத்துக்குச் சண்டை. காடியை வெயிலில் நிறுத்தினார் என்று சண்டை. சண்டை போடத் தெரிந்த எனக்கு, ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்கத் தெரியவில்லை. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். அப்படியே வருஷங்கள் போயின. கடையிலிருந்து நின்றேன். அவரும் லோரியை விட்டார். பேரப்பிள்ளைகள் வந்தார்கள். வெளியே பார்த்தவர்களுக்கு எங்களைப்போல் ஜோடி உண்டா என்றுதான் பேச்சு.

பிறகு உட்கார்ந்தால் குத்த ஆரம்பித்தது. உள்ளாடையில் இரத்தப்பொட்டு. அதே சமயத்தில் மகள் வாட்ஸாப்பில் ஒரு செய்தியை அனுப்பினாள். கீழ் வழியாக அந்த வலை வைப்பதைச் சில நாடுகளில் நிறுத்திவிட்டார்களாம். அனுப்பிவிட்டுப் போனில் அழுதாள்.

"நான்தானேமா எல்லாம் பேசினேன். தையலே போடுங்கன்னு சொல்லிருக்கணும்."

"நீ என்னடி செய்வே. தையல் போட்டிருந்தா மறுபடி எறங்கிருக்கும், யாரு கண்டா" என்றேன். அதுவும் பொய்யில்லை. மற்றதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை, அந்தப் பாரம் அவளுக்கு எதற்கு?

இந்த முறை வேறோர் ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு மலாய்ப் பெண்மணி. மகள் வழக்கம்போல முன் நாற்காலியில் உட்காரப் போனாள். டாக்டர் சிரித்துக்கொண்டே, நான் முதலில் மக்சிக்கோடு தனியாகப் பேசுகிறேன் என்று அவளையும் என் கணவரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். மக்சிக் என்றால் சின்னம்மா மாதிரி, பக்சிக் என்றால் சித்தப்பா. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு நெஞ்சு இளகிவிட்டது.

பரிசோதித்தார். வலையின் ஓரம் ஓரிடத்தில் சதையைத் துளைத்து வெளியே தெரிகிறது என்றார். முழுதாக எடுக்க முடியாது, அதன் கண்களுக்குள் சதை வளர்ந்து பின்னிக்கொண்டிருக்கிறது. நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு மேலே மூடித் தைக்கலாம், பூசுவதற்குக் களிம்பு தருவேன் என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மலாயில், மக்சிக், பக்சிக்கோடு சேர்ந்து இருப்பது உண்டா என்று கேட்டார். பாசாரில் மீன் விலை கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

அறையில் யாருமில்லை. மொழியும் தெரியும். இந்தக் கேள்விக்கான பதிலை இத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். ஆனால் அந்தப் பதில் கெட்டுப்போயிருந்தது.

"அப்போது இருந்தது. இப்போது இல்லை" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

வெளியே வந்தபோது மகள் மருந்து வாங்கும் வரிசையில் நின்றாள். என் கணவர் காடியைக் கொண்டுவருவதாகச் சொல்லி இறங்கினார், நானும் கூடவே போனேன். உள்ளே ஏறி உட்கார்ந்ததும், "டாக்டர் என்ன கேட்டாங்க?" என்றார். வழக்கம்போல ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அழுத முகத்தை அவரிடம் மறைக்க முடியாது.

"அன்னிக்கு அந்த டாக்டர் கேட்டாரே, அதேதான்."

அவர் சாவியைத் திருப்பவில்லை.

"அன்னிக்கு மக இல்லன்னு சொன்னா. நீ ஒன்னுமே சொல்லல. தலையக் குனிஞ்சுக்கிட்டே. நான் பின்னாடிதானே உக்காந்திருந்தேன்."

"மக முன்னாடி என்னத்தச் சொல்வேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? உனக்கு வேணாம்போல, எனக்காகத்தான் இத்தன நாளும் பொறுத்துக்கிட்டான்னு நெனச்சேன். அப்புறம் ஒருநாளு நீ ஒதட்டக் கடிச்சுக்கிட்டு படுத்திருந்தே. அதப் பாத்ததும் முடிவே பண்ணிட்டேன். வாழ்க்க பூரா இப்படித்தான் பொறுத்துக்கிட்டு இருந்திருக்கா, நான் ஒரு மடையன்னு."

"அது வலையோட வலிங்க."

"நீ சொல்லவே இல்லையேம்மா."

"நீங்களும் கேக்கவே இல்லையே."

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். நான் அருவருப்பு என்று நினைத்ததைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் மகள் மருந்துப் பையோடு ஓடிவந்து பின்சீட்டில் ஏறினாள். ஏன் ரெண்டு பேரும் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்றாள். ஒன்றுமில்லை, பசி என்றார் அவர்.

வலையின் ஓரத்தை வெட்டித் தைத்தார்கள். களிம்பு பூசுகிறேன். இப்போது குத்தல் இல்லை. எல்லாம் ஆறிவிட்டது, இனிப் பயமில்லை, மக்சிக் விருப்பம் என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் கணவரின் மாத்திரைகளை நினைத்துக்கொண்டேன். இதயத்துக்கு, சர்க்கரைக்கு, இரத்த அழுத்தத்துக்கு. இரண்டு மாடி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. இப்போது கம்பியைப் பிடித்துக்கொள்கிறவர் அவர்தான்.

அன்று மகளைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்து, மத்தியானம் சாப்பிட்டோம். நான் படுக்கப் போனேன். அவர் கூடத்திலிருந்து தலையணையை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார், யார் வீட்டுக்கோ வந்ததுபோல. நகர்ந்து இடம் விட்டேன். அவர் பக்கத்து மெத்தை மேடிட்டுக் கிடந்தது, யாரும் படுக்காத மெத்தை அப்படித்தான் ஆகும். படுத்து, என் கையை எடுத்துத் தன் மார்மேல் வைத்துக்கொண்டார்.

"கதவ சாத்து" என்றார்.

"யாரு இருக்கா வீட்டுல, சாத்துறதுக்கு?"

"இருந்தாலும் சாத்து."

எழுந்து போய்ச் சாத்தினேன். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, தள்ளித் தள்ளித்தான் போட வேண்டியிருந்தது. திரும்பி வந்து பார்த்தபோது அவர் தூங்கிவிட்டிருந்தார்.